படிக்கத்தக்க தமிழ்ப் பக்கம்: ஓலை முதல் கணினி வரை

பனையோலையில் எழுதிய தமிழ், படிப்பவரிடம் நிறையவே எதிர்பார்த்தது. எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடத் தொல்காப்பியம் வழி சொல்லியிருந்தும், பிற்கால ஏடுகளில் அது கைக்கொள்ளப்படவில்லை. எழுதியிருப்பது 'எரி'யா 'ஏரி'யா என்பதை இடம் பார்த்தே தெளிய வேண்டும். பாட்டு முடிந்து உரை தொடங்கும் இடமும் அப்படித்தான். ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கு இதில் தொல்லையில்லை. ஏடு அவருக்கு நினைவைத் தூண்டும் துணை. பாடம் கேளாதவர்தான் திண்டாடினார்.

எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்த பெருமை, 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்தில் வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. இன்று 'கெ', 'கே' என்று கொம்பின் சுழியால் வேறுபடுத்துவது அச்சீர்திருத்தத்தின் பயன். தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலோடு இந்திய மண்ணில் தொடங்கிவிட்டது. ஈயத்துக்குக் கிழியும் பயமில்லை. புள்ளி நிலைபெற அச்சே காரணமாயிற்று. பின்னர் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் உருவில் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்துக்கொண்டனர்.

ஆனால் அச்சேறியதாலேயே நூல் எளிதாகிவிடவில்லை. ஓலையின் நெருக்கத்தைத் தாளில் பெயர்த்துவைத்த பதிப்புகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளையும் சந்தி பிரித்த உரைநடையையும் பள்ளிப் பாடநூல்வரை கொண்டுசென்றார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது மூலத்தையும் உரையையும் பிரித்துக்காட்டி, அடிக்குறிப்பும் அகராதியும் சேர்த்தார். பாடம் கேளாதவரும் தனியே அமர்ந்து படிக்க வழி பிறந்தது. எழுத்து வடிவ மாற்றத்தைவிட இதுவே பெரிய திருப்பம் என்று சொல்லலாம்.

பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. 'ணை', 'றா' போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் மறைந்தன. தட்டச்சும் அச்சுக்கோப்பும் இலகுவாயின.

கணினி வந்ததும் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பெருகின. இலங்கையில் பாமினி பரவலாயிற்று. தமிழக அலுவலகங்களில் வானவில் புழங்கியது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே கிடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. கண்ணுக்கு அழகான பக்கம், திரையிலுள்ளதைப் பேசிக்காட்டும் மென்பொருளுக்கு உளறலானது. தேடவும் அகரவரிசைப்படுத்தவும்கூட முடியவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தாம், தாப் என்ற பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது; அவையும் சொற்ப இடங்களுக்குள் தமிழை அடக்கியவையே.

உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. தமிழக அரசு அதை ஏற்றது 2010இல். 2006இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள், இ-ஸ்பீக் குரலின் துணையோடு யூனிகோடுத் தமிழைப் படிக்கிறது. ஆனாலும் எழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதவில்லை. வேர்டு கோப்பில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் கண்ணுக்குத் தெரியும். 'ஹெடிங்' பாணி கொடுத்தால்தான் கேட்பவர் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். படத்தை விவரிக்கும் மாற்று உரை எழுதாவிட்டால் அது அவருக்கு வெறும் 'படம்'. அரசாணையை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினால் முழு ஆணையுமே அப்படியொரு படம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வகைசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது.

பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடாக்க மாற்றிகள் உண்டு. இடையிடையே ஆங்கிலம் கலந்திருந்தால், எழுத்துருவைக் கவனிக்காத மாற்றி அதையும் தமிழாகக் கருதிச் சிதைத்துவிடும். மாற்றிய கோப்பை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது.