மவுத் டாக் (தமிழ்நாடு)

படம் பார்த்துவிட்டு வந்தவர் பார்க்காதவரிடம் சொல்லும் அபிப்பிராயத்துக்குத் தமிழ்த் திரையுலகில் வழங்கும் பெயர் மவுத் டாக். பத்திரிகை விமர்சகருக்குப் பெயரும் பக்கமும் உண்டு. இதைச் சொல்பவருக்கு இரண்டும் கிடையாது. ஆனாலும் “மவுத் டாக் எப்படி இருக்கு?” என்றுதான் விநியோகஸ்தர் தியேட்டர்காரரிடம் முதலில் விசாரிப்பார். இந்தப் பேச்சின் பலம் காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ரசனை மாறியது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம், ஒரு படம் ஓர் ஊரில் எத்தனை நாள் தங்குகிறது என்பது.

தொடக்கம் சலனப்படக் காலத்தில். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். பேசாத படத்துக்குப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. திரையோரம் நின்று கதையை உரக்க விளக்கிய அந்த மனிதர், இடையிடையே தன் கருத்தையும் சேர்த்துவிடுவார். கொட்டகையில் எழுந்த முதல் விமர்சனக் குரல் அவருடையது என்று சொல்லலாம். சம்பளம் கொடுத்தவர் முதலாளி என்பதால் அது நல்ல விமர்சனமாகவே இருந்திருக்கும்.

1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோது படமே பேசத் தொடங்கியது. 1930களில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய திரை விமர்சனங்கள் படித்தவர்களிடையே விவாதத்தைக் கிளப்பின. ஆனால் கொட்டகையின் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்குப் பத்திரிகையைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்தான் எட்டியது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இதற்குத் துணைபோனது. அதில் கதைச் சுருக்கம் சிக்கலான கட்டத்தில் நின்றுவிடும், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று. மீதி தெரிந்த ஆளைச் சுற்றிக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதாநாயகன் தியாகராஜ பாகவதரின் பாட்டு அதற்கு முதல் காரணம் என்றாலும், ஒருமுறை பார்த்தவரே இன்னொருவரை அழைத்துக்கொண்டு திரும்பி வராமல் அவ்வளவு நீண்ட ஓட்டம் நடந்திருக்காது.

இந்தப் பேச்சின் பொற்காலம் படச்சுருள் அரிதாக இருந்த காலம். புதுப்படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் போடப்பட்டன. அவை முதலில் சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களுக்குப் போகும். சிற்றூரின் டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வேலையாகவோ கல்யாணத்துக்காகவோ டவுனுக்குப் போனவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுவார்கள். சொல்வது என்றால் நல்லாருக்கு, நல்லால்லை என்ற ஒற்றைச் சொல் அல்ல. பெயர் போடுவதிலிருந்து வணக்கம் போடும் வரை, சண்டைக்கு வாயால் ஓசையும் பாட்டுக்கு ராகமும் சேர்த்து, முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவார்கள். கதை முழுக்கத் தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று இன்று அஞ்சுகிறார்கள். அன்று கதை தெரிந்தவர்களே முண்டியடித்தார்கள். ‘பராசக்தி’ (1952) வசனத்தையும் பிற்காலத்தில் ‘விதி’ (1984) நீதிமன்றக் காட்சியையும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தான் தியேட்டரில் கூடவே முணுமுணுத்தார்கள்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தில் பேச்சு கட்சிகட்டியது. யார் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் என்பது முடிதிருத்தகத்தில் தினமும் நடந்த வழக்கு. ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ முதலிய சினிமா இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகள் இந்தச் சச்சரவை அஞ்சலட்டையில் வரவழைத்து அச்சேற்றின. அபிப்பிராயமும் அபிமானமும் இங்கே பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன; இன்றுவரை ஒட்டித்தான் இருக்கின்றன.

1970களில் ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது பேச்சுக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 அதன் உச்சம். அந்த அரை மதிப்பெண் எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்று வாசகர்கள் மல்லுக்கட்டினார்கள்.

விளம்பரமோ நட்சத்திரமோ இல்லாத படத்தைப் பேச்சு கரையேற்றியதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் எப்போதும் சொல்லப்படும். புதுமுகங்களுடன் 1980இல் வந்த ‘ஒரு தலை ராகம்’ மந்தமாகத் தொடங்கி, கல்லூரி மாணவர்களின் வாய்வழியே பரவி, நீண்ட நாள் ஓடியது. இயக்குநர் பாலாவின் ‘சேது’வை வாங்க ஆளில்லை. 1999 டிசம்பரில் அது புறநகர்த் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சியாக மட்டுமே வந்தது. பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் காட்சிகளும் தியேட்டர்களும் கூடி, பல இடங்களில் நூறு நாளைத் தாண்டியது. நாயகன் விக்ரமின் திரைவாழ்வும் அதோடு திசை மாறியது. இரண்டு படங்களுக்கும் பொதுவானது ஒன்று: பேச்சு பரவும் வரை அவற்றைத் தூக்காமல் வைத்திருந்த தியேட்டர்கள்.

2000களின் பிற்பாதியில் டிஜிட்டல் திரையிடல் வந்ததும் அந்தப் பொறுமை போயிற்று. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை இறக்கி, முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் போட்டதை எடுப்பது வணிக முறையானது. பேச்சும் அவசரப்பட்டது. முதல் காட்சியின் இடைவேளையிலேயே கைபேசி வழியாகத் தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் இழுவை.” அறுவை, பிளேடு என்ற பழைய ஏச்சுகளின் இடத்தில் மொக்கை வந்தது, பிறகு கிரிஞ்ச் வந்தது. தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூப்காரர்களால், நண்பனிடம் சொல்லும் கருத்தே கேமராவுக்கான நடிப்பாக மாறியது. சொல்பவர் பார்வையாளரா, ரசிகர் மன்றத்தவரா, கூலிக்குப் பேசுபவரா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

சூர்யா நடித்த ‘கங்குவா’ 2024 நவம்பர் 14இல் வெளியாகிக் கடும் ஏச்சு வாங்கியதை அடுத்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடைசெய்யும்படி வழக்கும் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் உடனே தடை விதிக்க மறுத்தது. மூன்று நாள் என்ற கணக்கே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. ‘சேது’வின் காலத்தில் மூன்று நாளில் பேச்சு அடுத்த தெருவைக்கூடத் தாண்டியிருக்காது.

தாமதமாக வரும் தீர்ப்புகளும் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்ற ‘அன்பே சிவம்’, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் பேச்சால் கொண்டாடப்படும் படமானது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யுடன் மோதிய ‘குணா’வின் பாடல் 2024இல் மலையாள ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ஒலித்தபோது, மலையாளம் தெரியாதவர்களும் அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். உடனே பரவும் பேச்சும் சில சமயம் சிறிய படத்துக்குக் கைகொடுக்கும். 2025 மே 1இல் சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையிலிருந்து வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தின் கதையைச் சொன்ன அந்தச் சிறிய படம், “வீட்டோட போய்ப் பாருங்க” என்ற பேச்சாலேயே காட்சிகளைக் கூட்டிக்கொண்டது.