நீலமா, ரோஸா? அமெரிக்கக் குழந்தைகளின் உடைக் கதை

1884-ல் எடுத்த ஒரு புகைப்படம். தோள் வரை தொங்கும் முடி, வெள்ளை கவுன், பளபளக்கும் ஷூ, கையில் இறகு வைத்த தொப்பி. பார்த்தவுடன் பெண் குழந்தை என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அது பின்னாளில் அமெரிக்காவின் 32-வது ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்!

இது ஏதோ மாறுவேடம் அல்ல. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆணோ பெண்ணோ, ஆறு ஏழு வயது வரை கவுன்தான். காரணம் வீட்டு வசதி. அடிக்கடி துணி மாற்ற வேண்டிய குழந்தைக்குக் கவுன் சுலபம். வெள்ளைப் பருத்தியைக் கொதிக்க வைத்து வெளுக்கலாம். பிள்ளை வளர்ந்தால் மடிப்பைப் பிரித்து நீளமாக்கலாம். அண்ணன் போட்டதைத் தங்கையும் போடலாம். பையன் வளர்ந்தபின்தான் முடிவெட்டும் கால்சட்டையும்.

அப்படியானால் 'பையனுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ்' எப்போது வந்தது? நாம் நினைப்பது போல் அது பழைய வழக்கம் இல்லை. 1918-ல் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, ரோஸ் அழுத்தமான நிறம் என்பதால் பையன்களுக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண்களுக்கும் ஏற்றது என்று எழுதியது! 1927-ல் டைம் இதழ் வெளியிட்ட பட்டியலிலும் பாஸ்டன், சிகாகோ நகரப் பெரிய கடைகள் சில பையன்களுக்கு ரோஸைத்தான் சிபாரிசு செய்தன. இன்றைய வழக்கம் நிலைத்தது 1940-களில்தான்.

1970-களில் பெண்ணுரிமை இயக்கம் வலுத்தபோது மீண்டும் ஒரு திருப்பம். இருபாலருக்கும் ஒரே மாதிரி பேண்ட், டி-ஷர்ட் பரவின. சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டு வருடம் சின்னக் குழந்தைகளுக்கு ரோஸ் உடையே இல்லை என்கிறார், இதை ஆராய்ந்து 2012-ல் புத்தகம் எழுதிய ஜோ பாவோலெட்டி.

1980-களில் ஸ்கேன் பரவலானது. பிறக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று தெரிந்ததும் வாங்கிக் குவிப்பது தொடங்கியது. முதல் குழந்தை பெண், அடுத்தது பையன் என்றால் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். ஒரே கவுனை நாலு பிள்ளைகள் போட்ட வீட்டில் வியாபாரிக்கு என்ன லாபம்?

அம்மாக்கள் போட்ட சிக்கனக் கணக்கு வெள்ளை கவுன். கடைகள் போட்ட லாபக் கணக்கு நீலமும் ரோஸும். இதில் குழந்தையை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.