ஏ. லலிதா

அய்யலசோமயாஜுல லலிதா (27 ஆகஸ்ட் 1919 – 12 அக்டோபர் 1979) சென்னையில் பிறந்த மின்பொறியாளர். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் தேறினார். கொல்கத்தாவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மின்தொடர்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைக்கும் பணியில் இருந்தார். லண்டனில் இயங்கிய மின்பொறியாளர் கழகத்திலும் மகளிர் பொறியியல் சங்கத்திலும் உறுப்பினராக விளங்கினார். தொழில்முறைச் சங்கம் ஒரு பொறியாளருக்கு எவ்வளவு பெரிய துணையாக முடியும் என்பதற்கு இவருடைய வாழ்க்கை நல்ல சான்று.

இளமையும் கல்வியும்

தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 1934இல், பதினைந்து வயதில் லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. 1937இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. மகள் சியாமளா நான்கு மாதக் கைக்குழந்தை. கைம்பெண்களை வீட்டின் மூலையில் முடக்கிவைத்த காலம் அது. சொந்தக் காலில் நிற்க வேண்டுமானால் படிப்பே வழி என்று லலிதா முடிவு செய்தார். தந்தையும் உறுதுணையாக நின்றார்.

ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் தேர்வை முதல் வகுப்பில் முடித்தார். மருத்துவம் அன்று பெண்களுக்குத் திறந்திருந்த துறைதான். ஆனால் நேரம் காலமின்றி அழைக்கும் வேலை குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தடையாகும் என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமும் இசைவு தந்ததால் கிண்டியில் இடம் கிடைத்தது.

ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில், விடுதியில் அவருக்குத் துணையாக இன்னொரு பெண் இல்லை. அடுத்த ஆண்டு லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேறி வெளிவந்தனர். பட்டச் சான்றிதழின் அச்சுப் படிவம் ஆண் மாணவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருந்தது. ஆண்பாற் சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பணி

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செய்முறைப் பயிற்சி பெற்ற பின், சிம்லாவில் இருந்த மத்தியத் தர அமைப்பில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு சிறிது காலம் சென்னையில் தந்தையின் ஆய்வுகளுக்கு உதவினார். புகையில்லா அடுப்பும் மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவியும் அந்த ஆய்வுகளில் அடங்கும்.

1948இல் பிரிட்டிஷ் நிறுவனமான அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸின் கொல்கத்தா அலுவலகத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்கருவிப் பணிகள் அங்கே அவர் கைக்கு வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மின்தொடர் வடிவமைப்பு, துணை மின்நிலைய அமைவு வரைபடம், பாதுகாப்புக் கருவிகள், ஒப்பந்தப் பணிகளை நிறைவேற்றுதல் ஆகியவை அவருடைய பொறுப்புகள்.

ஒரு துணை மின்நிலையத்தில் மின்மாற்றி எங்கே நிற்க வேண்டும், உயரழுத்தக் கம்பிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி தேவை, பழுது பார்ப்பவர் எந்தப் பக்கமாக அஞ்சாமல் நடந்து போகலாம் என்பதையெல்லாம் அமைவு வரைபடமே தீர்மானிக்கிறது. தொடரில் எங்காவது பழுது ஏற்பட்டால் ரிலே என்னும் பாதுகாப்புக் கருவி அதை உணர்ந்து, பிரேக்கர் என்னும் மின்துண்டிப்பானை இயக்கி, பழுதான பகுதியை மட்டும் துண்டிக்க வேண்டும். கணக்கு பிசகினால் நல்ல பகுதியும் இருளில் மூழ்கும், அல்லது விலையுயர்ந்த மின்மாற்றி எரிந்துபோகும். வரைபலகையில் நடக்கும் இந்த வேலையில்தான் லலிதா தேர்ச்சி பெற்றார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸை வாங்கிய பிறகும் அங்கேயே தொடர்ந்து, 1977இல் ஓய்வு பெற்றார்.

சங்க உறுப்பினர் நிலை

மின்பொறியாளர் கழகம் 1871இல் தந்திப் பொறியாளர் சங்கமாக லண்டனில் தொடங்கி, 1888இல் பெயர் மாறியது. கல்லூரிப் பட்டத்தோடு நில்லாமல் தேர்வையும் பணி அனுபவத்தையும் அளந்து படிப்படியாக உறுப்பினர் தகுதி வழங்குவது இத்தகைய கழகங்களின் மரபு. லலிதா சிம்லாவில் வேலை பார்த்தபடியே கழகத்தின் பட்டதாரித் தேர்வை எழுதினார். 1953இல் இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஆனார்.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்குமான முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. இந்தியாவில் அப்போது பெண் பொறியாளர்களுக்கென அமைப்பு எதுவும் இல்லாததால், தனிப்பட்ட முறையில் லலிதா கலந்துகொண்டார். 1965இல் மகளிர் பொறியியல் சங்கத்தின் முழு உறுப்பினரானார். 1919இல், அவர் பிறந்த அதே ஆண்டில், லண்டனில் தோன்றிய சங்கம் அது. 1967இல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு நடந்தபோது, அதற்கான இந்தியப் பிரதிநிதியாகச் செயல்பட்டார்.

மதிப்பீடு

வேலை கொடுத்த நிறுவனம் லலிதாவின் உழைப்பை அறிந்திருந்தது. அந்தத் திறமையை நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களும் ஏற்கும்படி செய்தது கழகத்தின் உறுப்பினர் தகுதி. ஆணா பெண்ணா என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பது, சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒருவருக்குப் பெரிய பலம். கடல் கடந்த தோழமை இன்னொரு பயன். கிண்டியில் முதலாண்டு முழுவதும் ஒரு தோழிகூட இல்லாமல் படித்தவர், நியூயார்க்கில் பல நாடுகளின் பெண் பொறியாளர்களோடு சமமாக அமர்ந்தார். திரும்பிய பிறகு இந்திய இதழ்கள் அவரைப் பேட்டி கண்டன. பொறியியல் பெண்களுக்கும் உரியது என்ற செய்தி அவற்றின் வழியே பல வீடுகளை எட்டியது.

சங்கத்தில் சேர்ந்தால் மட்டும் ஒருவர் நல்ல பொறியாளர் ஆகிவிட மாட்டார். லலிதாவின் தகுதி வரைபலகையில் உருவானது. அந்தத் தகுதியை முறையாக அளந்து, பெயர் சொல்லி ஏற்று, பின்னால் வருபவர்களுக்காகப் பேசும் இடத்தையும் அவருக்குக் கொடுத்தது சங்கம். பணியில் தனித்து நிற்கும் எந்தப் பொறியாளரும், சிறப்பாக முதல் தலைமுறையாக இத்துறைக்குள் வருபவர்கள், இதற்காகவே ஒரு தொழில்முறைச் சங்கத்தைத் தேடிச் சேர வேண்டும்.