மூல்கி ஆலய வழக்கு

ஆலய நுழைவின் வரலாறு என்றவுடன், 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைந்த நிகழ்ச்சியே நம் நினைவுக்கு வரும். அதன்பின் நீதிமன்றத்தில் நடந்த போராட்டத்தை நம் இளைஞர்கள் அறிந்திலர்.

வழக்கத்தின் பேரால் விலக்கப்பட்ட இந்துக்களுக்கு ஆலயங்களைத் திறந்துவிடும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. தென் கன்னட மாவட்டம் அன்று இம்மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கு மூல்கி என்னும் ஊரிலுள்ள வேங்கடரமணர் ஆலயத்தின் அறங்காவலர்கள், அது கவுட சாரஸ்வதப் பிராமணர்களுக்கென்றே ஏற்பட்ட ஆலயமாதலின் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என வழக்குத் தொடுத்தனர்.

இதனிடையே 1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறங்காவலர்க்கு அதிலேயே ஒரு படைக்கலம் கிடைத்தது. சமயப் பிரிவினர் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளலாம் என்கிறது 26ஆம் உறுப்பு. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகிய மூன்றுக்கே அது கட்டுப்பட்டது. பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிறுவனங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்கிறது 25ஆம் உறுப்பு. இவ்விரண்டில் எது வெல்லும்?

1957 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் விடை கூறிற்று. தீர்ப்பை எழுதியவர் டி. எல். வேங்கடராம ஐயர், கருநாடக இசையிலும் பேரறிஞர். ஆலயத்தினுள் யார் வரலாம் என்பது சமயக் காரியமே என்று அவர் ஒப்புக்கொண்டார். அவ்வாலயம் ஒரு பிரிவினருக்கு உரியது என்பதையும் ஒப்புக்கொண்டார். வாதம் இவ்வளவு தூரம் வந்தபின் அறங்காவலர் வென்றுவிட்டனர் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் திறந்துவிடும் அதிகாரம் பிரிவினரின் ஆலயங்களையும் தழுவும் என்றும், அதற்கு 26ஆம் உறுப்பு அடங்கியதே என்றும் தீர்ப்பளித்தார். கதவு திறந்தது.

முற்றிலும் திறந்ததா? சில சிறப்புச் சடங்குகளின்போது மட்டும் பிறரை விலக்கிவைக்கும் உரிமை அப்பிரிவினர்க்கு விடப்பட்டது. பொதுமக்கள் வழிபாட்டுரிமையின் சாரம் குன்றாதிருக்கும் வரையில்தான் அவ்விலக்கு செல்லும் என்பது நிபந்தனை. சென்னை உயர் நீதிமன்றம் முன்னரே வகுத்த வழி இது. நான் இத்தீர்ப்பைப் படிக்கும்தோறும் இப்பகுதியில் நின்றுவிடுவேன். சிறிதாயினும் விலக்கு விலக்குத்தானே.

கிறித்தவத்தைத் தழுவிய நம் உறவினர் ஒன்று கேட்கக்கூடும். 25ஆம் உறுப்பின் அக்கூறு இந்து நிறுவனங்களையே சுட்டுகிறது. சீக்கியம், சமணம், பௌத்தம் அதனுள் அடங்கும், தேவாலயம் அடங்காது. ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு சமயம் பார்ப்பதில்லை. அதன்வழி வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே சமயத்தார்க்குத் திறந்துள்ள பொது வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. இடுகாட்டில் தடுப்பதும் அதன்படி குற்றமே.