ரோஸ் சான் யார்? பட்டர்வொர்த்தில் முடிந்த ஒரு மேடை வாழ்க்கை

கெப்பாலா பத்தாஸில் இருப்பவர்களுக்குப் பட்டர்வொர்த் பக்கம்தான். மலாயாவையே கலக்கிய கேபரே நடனக்காரி ரோஸ் சான், 1987 மே மாதம் அங்கேதான் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எப்படி மேடைக்கு வந்தார்?

1925-இல் சீனாவின் சூச்சோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கோலாலம்பூர் வந்துவிட்டார். 16 வயதில் தன்னைவிடப் பல வயது மூத்தவருக்குக் கட்டிவைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிழைக்க வேண்டுமே! சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் 'டாக்சி டான்சர்' ஆனார்.

அதென்ன டாக்சி டான்சர்?

டாக்சி மாதிரியே, ஓடும் அளவுக்குக் காசு. ஆண்கள் கூப்பன் வாங்கிக் கொடுத்தால் ஒரு பாட்டுக்குச் சேர்ந்து ஆடலாம். அதில் ஒரு பங்குதான் அந்தப் பெண்ணின் வருமானம்.

பிறகு?

1950களில் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். மலைப்பாம்போடு மல்லுக்கட்டுவார், ஆடை களையும் ஆட்டமும் உண்டு. அதற்காக ஏச்சும் வாங்கினார், அரங்கமும் நிறைந்தது. தர்ம காரியங்களுக்கு வாரிக் கொடுத்தவர் என்பதைத்தான் பலர் மறந்துவிட்டோம்.

அவர் கதையை 2013-இல் நூலாக்கியவர், பினாங்கு வழக்கறிஞரும் கவிஞருமான செசில் ராஜேந்திரா.