நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இறந்தார்களா?

லண்டனின் 24 மருத்துவமனைகளில் மரண விகிதம் 90.84 விழுக்காடு என்று 1863-இல் ஒரு நூல் சொன்னது. எழுதியவர் சாமானியர் அல்லர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கணக்கு, புள்ளிவிவர வல்லுநர் வில்லியம் ஃபார் தந்தது.

1861-ஆம் ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். அதை வகுத்ததோ, ஏப்ரல் 8 அன்று ஒரே நாளில் படுக்கையில் இருந்த 4,214 பேரால்! ஆண்டெல்லாம் வந்து குணமாகி வீடு திரும்பியவர்கள் எங்கே போனார்கள்? மருத்துவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

இத்தனைக்கும், சேர்ந்தோர், குணமானோர், இறந்தோர், தங்கிய நாட்கள் என எல்லாவற்றையும் தனித்தனியே பதியும் பொதுப் படிவத்தை 1860-இலேயே முன்வைத்தவர் அதே அம்மையார்தான். சில மருத்துவமனைகள் முயன்று பார்த்தன, பிறகு கைவிட்டன. நிரப்ப நேரமும் செலவும் அதிகம் பிடித்ததாம்.