மூன்று வருடச் சட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரமிருந்தால் வாசியுங்கள்.

சட்டம் எப்படி உருவாகிறது என்பதை குடியியற் கல்வி ஆசிரியர்களான நாங்கள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுத்தான் காட்டுகிறோம். அமைச்சரவை, சட்டமூலம், வர்த்தமானி, மூன்று வாசிப்புகள், நடுவில் குழுநிலை, கடைசியில் சபாநாயகரின் சான்று. பரீட்சைக்கு அது போதும். 2019க்குப் பிறகு நமது ஊர்களில் பலரது வீட்டுக் கதவைத் தட்டிய பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த அம்புக்குறி வழியே வரவில்லை.

அதன் முழுப் பெயர் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். பெயர்கூட நம்முடையதல்ல. 1974 நவம்பர் 21இல் பர்மிங்ஹாம் நகர மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் பலியானார்கள். எட்டாவது நாள், நவம்பர் 29இல், பிரித்தானியாவில் இதே பெயரில் ஒரு சட்டம் வந்துவிட்டது. கோபம் ஆறுமுன் எழுதப்பட்ட சட்டம்தான். ஆனாலும் ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாராளுமன்றம் அதைப் புதுப்பிக்க வேண்டும். (புதுப்பித்துப் புதுப்பித்தே அங்கும் ‘தற்காலிகம்’ கால் நூற்றாண்டு ஓடியது என்பது வேறு கதை.)

இங்கே 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்திருந்தது. ஆறில் ஐந்து பங்கு. நம்மவர்கள் பலரும் ஆளும் வரிசையில்தான் இருந்தார்கள், வெளிநாட்டமைச்சரே ஏ.சி.எஸ். ஹமீது. 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனமானது. டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வா என்ற கட்டளையோடு பிரிகேடியர் வீரதுங்க வடக்கே அனுப்பப்பட்டார். அதே மாதம் சட்டமும் வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் விஷயம். அன்றைய யாப்பின் 122ஆம் உறுப்புரை அமைச்சரவைக்கு ஒரு குறுக்குவழியைக் கொடுத்திருந்தது. ‘தேசிய நலன் கருதி அவசரமானது’ என்று அமைச்சரவை சான்று எழுதினால் சட்டமூலத்தை வர்த்தமானியில் முன்கூட்டியே போடத் தேவையில்லை. ஜனாதிபதி நேரே பிரதம நீதியரசருக்கு அனுப்புவார். உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலத்துக்குள், மிஞ்சினால் மூன்று நாளைக்குள், கருத்துச் சொல்ல வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத குடிமகன் எந்த வாசகத்துக்கு எதிராக மனுப்போடுவது?

அதற்கு மேல் இன்னொன்று. மூன்றில் இரண்டால் நிறைவேற்றுகிறோம் என்று அமைச்சரவை முன்னரே சொல்லிவிட்டது. அப்படியானால் அடிப்படை உரிமைக்கு முரண் என்றாலும் சட்டம் செல்லும். எனவே நீதிமன்றத்தின் முன் மிஞ்சியது ஒரேயொரு கேள்வி: சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமா? வேண்டாம் என்றது நீதிமன்றம். சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பது நமது யாப்பின் 80(3). கதவு மூடியாயிற்று.

நீதவானிடம் பிணை கேட்க வழியில்லாமல், அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகும். அது அடித்து வாங்கப்பட்டது என்றால், நிரூபிக்கும் பாரம் அடிவாங்கியவர் தலையில்.

இதெல்லாம் மூன்று வருடத்துக்குத்தான் என்று 29ஆம் பிரிவு சொன்னது. 1982இல் ஒரு திருத்தம், 10ஆம் இலக்கம், அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டது. அவசரகாலநிலையை நீடிக்க மாதாமாதம் பாராளுமன்றத்தில் கை உயர்த்த வேண்டும். இதற்கு அந்தச் சிரமமும் இல்லை. தமிழ் இளைஞர்களுக்கென்று வந்த சட்டம் 80களின் கடைசியில் தெற்கில் சிங்கள இளைஞர்களைத் தேடிப் போனது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின் நம்மிடம் வந்தது. மன்னாரைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் ஒரு கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசம்பரில்.

40 வருடமாக மனித உரிமைக்காரர்கள் கத்தியும் அசையாத சட்டம் 2022இல் கொஞ்சம் அசைந்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய பாராளுமன்றம் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைப் பற்றிப் பேசி, இச்சட்டத்தை நீக்கச் சொல்லித் தீர்மானம் எடுத்தது. சலுகை போனால் ஆடைத் தொழிற்சாலைகள் ஆட்டம் காணும். அடுத்த மார்ச்சில் 18 மாதம் 12 மாதமானது. சிறையில் கிடந்தவர்களின் தாய்மாரின் கண்ணீரைவிட ஏற்றுமதிக் கணக்கு சபைக்குள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

2023 மார்ச்சில் பதிலாக ஒரு பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. இந்த முறை எல்லோர் கையிலும் பிரதி இருந்தது. தொழிற்சங்கங்களும் சட்டத்தரணிகளும் வரி வரியாக வாசித்து எதிர்த்தார்கள். செப்டெம்பரில் திருத்திய வடிவம் வந்தது, அதற்கும் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போயின. அது சட்டமாகவில்லை. 1979இல் வந்தது அப்படியே நடைமுறையில் இருந்தது, ‘தற்காலிக’ என்ற சொல்லோடு.